கிராம்பு வாசத்து மீன்

யானைங்க. பயப்படாதீங்க, கெத்தை மலை ரோட்டுல இது சகஜமுங்க. தாயும் குட்டியும் நிக்குது, அவ்வளவுதான். டிரைவர் இஞ்சினை நிறுத்திட்டாரு பாத்தீங்களா, விவரமான மனுசன். ஹாரன் அடிக்கறவன்தான் வாங்கிக் கட்டிக்குவான். மூங்கிலைத் தின்னு முடிச்சா அதுவாவே எறங்கிப் போயிரும். எப்பப் போகும்னு மட்டும் கேக்காதீங்க, அதுக்கென்ன பஸ் டைமா தெரியும்?

கோயமுத்தூருங்களா நீங்க? நல்லது. காலை வேணும்னா அந்த மூட்டை மேல வெச்சுக்குங்க, நம்மளதுதான், பாத்திரம் பண்டம். மேல கட்டியிருக்கற கட்டிலும் நம்மளதுதான். வீட்டைக் காலி பண்ணிட்டுக் கீழ போறமுங்க. அதா, டிரைவருக்குப் பின்னாடி சீட்டுல, பச்சை சால்வை போர்த்திக்கிட்டு முதுகைக் காட்டி உக்காந்திருக்குதே, அது நம்ம வீட்டுக்காரி மாராத்தா. எங்கூட உக்கார மாட்டேன்னுட்டா. கொஞ்ச நாளாப் பேச்சும் இல்ல. முட்டைக்கோசுப் பாத்தியைப் பாதியில விட்டுட்டு வர்றோம்னு கோவம். வேற என்ன இருக்கப் போகுது? கோசு வந்தா பேச்சும் வந்துரும்.

எம்பேரு ராக்கியப்பன். மீன் காவக்காரன். சிரிக்கறீங்க பாருங்க! எல்லாரும் சிரிப்பாங்க. காட்டுக்குக் காவல் உண்டு, தோட்டத்துக்குக் காவல் உண்டு, மீனுக்கு என்னய்யா காவல், வேலி தாண்டி ஓடிருமான்னு கேப்பாங்க. ஓடாதுங்க. ஆனா ஆளுங்க வந்து அள்ளிட்டு ஓடுவாங்கள்ல?

சாதா மீனில்லீங்க, ட்ரவுட்டு. வெள்ளைக்காரன் முட்டையாக் கப்பல்ல ஏத்திக் கொண்டாந்து நம்ம மலை ஓடையில விட்ட சாதி. தண்ணி ஐஸ் மாதிரி இருக்கணும், கண்ணாடி மாதிரி ஓடணும். கொஞ்சம் சூடு ஏறுனா வாயைப் பொளந்துரும். ஒடம்பெல்லாம் புள்ளி, நடுவுல ரோஸ் கலர்ல ஒரு கோடு. பாத்தா எடுத்துக் கொஞ்சலாம்னு இருக்கும். எங்க கல்லுச்சோலை ஓடையில அது தானாப் பெருசாப் பெருகறதில்லீங்க. வருசா வருசம் பண்ணையில பொரிச்ச குஞ்சைக் கொண்டாந்து விட்டாத்தான் ஓடைக்கு உயிரு. குஞ்சு வரலைன்னா ஓடை வெறும் தண்ணி. ஓடை வெறும் தண்ணியாப் போச்சுன்னா ராக்கியப்பனும் வெறும் ஆளு. இந்த ஒண்ணை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டுக் கேளுங்க, மத்ததெல்லாம் இதுலதான் வந்து நிக்கும்.

ஊட்டி வர்க்கியா? குடுங்க, ஒண்ணு போதும். நல்லா மொறுமொறுன்னு இருக்குதே.

போன வருசம் மழை விட்ட பொறகு மீன்துறை ஆபீசுல இருந்து சொல்லி அனுப்புனாங்க, காலேஜ்ல இருந்து ஒரு பொண்ணு வருது, ஓடையில மீன் அடர்த்தி பாக்கணுமாம், நீதான் கூட இருக்கணும்னு. அடர்த்தியா? அதைத் தலைமுடிக்கு எண்ணெய் விக்கறவன் சொல்லித்தான் நான் கேட்டிருக்கேன். பொறகுதான் தெரிஞ்சது, ஓடையில நூறு மீட்டருக்கு எத்தனை மீன் கெடக்குதுன்னு பாக்கறதாம். மீன் கம்மின்னா வழக்கம் போலக் குஞ்சு விடுவாங்க. நெறைய இருந்தா எதுக்கு விடணும், வேற ஓடைக்குக் குடுக்கலாம்ல? அதுக்காக அந்தக் கணக்கு.

வந்துச்சுங்க அம்மிணி. பேரு ஜெசிந்தா. தூத்துக்குடிப் பக்கம், கடக்கரை ஊரு. காத்தடிச்சா நம்ம புடிச்சுக்கணும், அப்படி ஒரு ஒல்லி. ஆனா என்னா சுறுசுறுப்பு! தொடை வரைக்கும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கிட்டு அந்தத் தண்ணியில எறங்கி நின்னுச்சுன்னா ஏறவே ஏறாது. பாசியில வழுக்கி விழுந்து நனைஞ்சு எந்திரிச்சு, பல்லு தந்தியடிக்க, "ஒண்ணும் இல்ல அண்ணே, நீங்க வலையை விட்டுறாதீங்க"ன்னு சிரிக்கும். வேற தங்க எடமில்லாம எங்க குவார்ட்டர்ஸ்லயே முன் ரூமைக் குடுத்தோம். எங்களுக்கு ரெண்டும் பசங்க, ரெண்டும் திருப்பூர்ல பனியன் கம்பெனி. நோம்பி பண்டிகைக்கு வருவானுங்க, அதுவும் போனைப் பாத்துக்கிட்டே சோறு தின்னுட்டுப் போயிருவானுங்க. இந்தப் புள்ள அடுப்படியில மாராத்தா பக்கத்துல உக்காந்து பூண்டு உரிச்சுக்கிட்டே ஊர்க்கதையெல்லாம் பேசும். வீடே வேற மாதிரி ஆயிருச்சுங்க. எனக்கு ஒரு பொண்ணு இல்லையேன்னு அதுவரைக்கும் தோணுனதில்ல. அப்பத் தோணுச்சு.

கணக்கு எப்படிப் பண்ணுதுன்னு சொல்றேன் கேளுங்க. ஓடையில மேல ஒரு வலை, கீழ ஒரு வலை, குறுக்கால கட்டிருவோம். நடுவுல இழுவலையை இழுத்து மீனைப் புடிச்சு ஒரு வாளியில போடணும். அந்த வாளித் தண்ணியில சொட்டு சொட்டாக் கிராம்புத் தைலம். நெசமாத்தாங்க! மீனுக்கு அது மயக்க மருந்தாம். ரெண்டு நிமிசத்துல மீன் குடிகாரன் மாதிரி சாஞ்சுரும். அப்ப எடுத்துப் பலகையில நீட்டி அளந்து, எடை போட்டு, கடைசியா ஒரு சின்னக் கத்தரி. மீசை வெட்டறதுக்கு வெச்சிருப்போமில்லீங்களா, அந்த மாதிரி. ட்ரவுட்டுக்கு முதுகு மேல, வால் பக்கமாத் தள்ளி, சுண்டு வெரல் நகமாட்டம் ஒரு குட்டித் துடுப்பு இருக்கும். அதை நறுக்குன்னு வெட்டி, நல்ல தண்ணியில மயக்கம் தெளிய வெச்சு, திரும்ப ஓடையிலயே விட்டுரும்.

நான் கத்தரிக்குக் குறுக்க கையை நீட்டிட்டேன். "ஐயோ அம்மிணி, வலிக்காதா?"ன்னேன்.

"வலிக்காது அண்ணே. நமக்கு நகம் வெட்டுற மாதிரிதான். அடையாளத்துக்கு."

அது படிச்ச புள்ள, அப்படித்தான் சொல்லும். நாம காலத்துக்கும் மீனோட கெடந்தவன். அந்தக் குளுந்த தண்ணியில வெட்டுக்காயம் ஆறுமுங்களா? சீப் புடிச்சுப் பூஞ்சை ஏறி, மத்த மீனுக்கும் தொத்திக்காதா? ஒவ்வொரு நாளும் வெட்டி வெட்டி விடுது, நான் ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டு நிக்கறேன், மனசு கெடந்து அடிச்சுக்குது. ஆனா வாயைத் தொறக்கலை. புள்ள மனசு நோகக் கூடாது பாருங்க.

இதுக்கு நடுவுல இன்னொரு சங்கடம். அம்மிணிக்குச் சாப்பாடு எறங்கலை. நம்ம வீட்டுல என்ன இருக்கும்? உருளைக்கெழங்கு, பீன்ஸு, கோசு. அடுத்த நாளு கோசு, பீன்ஸு, உருளைக்கெழங்கு. ஒரு நாள் தட்டுல கையை வெச்சுக்கிட்டே உக்காந்திருந்துச்சு. மாராத்தா என்ன சாமின்னு கேட்டா, "ஒண்ணும் இல்லக்கா, எங்க வீட்ல மீன் இல்லாம சோத்துல கையே வைக்க மாட்டோம்"னு சொல்லிச் சிரிக்குது, கண்ணு கலங்கியிருக்குது. கேக்க முடியலீங்க. நாளெல்லாம் மீனைக் கையில புடிச்சுப் புடிச்சுத் தண்ணியில விடற புள்ளைக்கு ஒரு துண்டு மீனில்லைன்னா அது என்ன நாயமுங்க?

அன்னைக்கு யோசிச்சேன். பொழுதோட, அம்மிணி ரூம்ல உக்காந்து எழுதிக்கிட்டு இருக்கற நேரத்துல, தூண்டிலை எடுத்துக்கிட்டு மெதுவா ஓடைக்குப் போனேன். காவக்காரனே மீன் புடிக்கலாமான்னு நெனைக்கறீங்க, மூஞ்சியே சொல்லுது. இருங்க, முழுசாக் கேளுங்க. நான் நாயம் தெரிஞ்சவன். முழு மீனு மாட்டுச்சுன்னா, வாயில இருந்து முள்ளைப் பதமா எடுத்து, "போடா ராசா"ன்னு திரும்ப விட்டுருவேன். அது சர்க்கார் சொத்து. குட்டித் துடுப்பு வெட்டுனது மாட்டுச்சுன்னா மட்டும் எடுத்துக்குவேன். வெட்டுக்காயம் பட்டது எப்படியும் பொழைக்காது. அழுகிச் சாகறதுக்கு ஒரு புள்ளைக்கு ஒடம்புல ஒட்டட்டுமே. அதுவும் இல்லாம அந்த மீனுங்க மயக்கம் முழுசாத் தெளியாம, விட்ட எடத்துலயே கரையோரமாச் சொணங்கிக்கிட்டுக் கெடக்கும். தூண்டிலைப் போட்டா போதும், தானா வந்து கொத்தும். சில நாள் கையிலயே அள்ளியிருக்கேன்.

மொத நாள் கொண்டாந்து போட்டப்பவே மாராத்தா மீனைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. "ஏனுங்க, இது அந்தப் புள்ள எண்ணி விட்டதாச்சே?"ன்னா.

"எண்ணியாச்சில்ல? எண்ணி முடிச்ச மீனு. எண்ணாத மீன்ல கை வெச்சாத்தானே தப்பு?"ன்னேன்.

நீங்களே சொல்லுங்க, பேச்சுல பிசகு இருக்குதுங்களா? அவ அருவாமனையை இழுத்துப் போட்டா. தலையை வெட்டி, துடுப்பையெல்லாம் அரிஞ்சு, மசாலாவைத் தடவிக் கல்லுல போட்டா. அம்மிணி கேட்டா பண்ணையில கழிச்ச மீனுன்னு சொல்லிக்கலாம்னு பேசி வெச்சுக்கிட்டோம். அப்பத்தானே கூச்சமில்லாமச் சாப்பிடும்?

சாப்பிட்டுச்சு பாருங்க! வெறும் முள்ளு மட்டும் தட்டுல சீப்பு மாதிரி கெடந்துச்சு. வெரலைச் சூப்பிக்கிட்டே கேக்குது, "அக்கா, மீன்ல கிராம்பு போடுவீங்களோ? வாசமா இருக்கே!"

"ஆமா சாமி, எங்க பக்கம் அப்படித்தான்"னுட்டா மாராத்தா. எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வருது, அடக்கிக்கிட்டேன். பாதி மசாலாவை அந்தப் புள்ளயே வாளியில போட்டு அனுப்புது, மீதி மாராத்தா போடறா!

அன்னையில இருந்து தெனமும் மீனுதானுங்க. ஆளுக்கு ரெண்டு. வலை இழுக்க வந்த ஆளுங்களுக்கும் ஒண்ணொண்ணு. ஒரு நாள் பாரஸ்ட் கார்டு வந்தாரு, ஒறம்பரையா வந்த மனுசனை வெறும் வயித்தோட அனுப்ப முடியுமுங்களா? அம்மிணிக்குக் கன்னத்துல சதை வெச்சிருச்சு. வீட்டுக்குப் போன்ல சொல்லிச்சு, அம்மா இங்க எனக்கு இன்னொரு அம்மா இருக்காங்கன்னு. மாராத்தா அடுப்படியில நின்னு கண்ணைத் தொடைச்சுக்கிட்டா. எனக்கும்தான் என்னமோ மாதிரி இருந்துச்சு. சந்தோசமுங்க. வேற பேரு தெரியலை அதுக்கு.

யானை அசையலை பாருங்க. குட்டி பால் குடிக்குது. குடிக்கட்டும்.

அப்பறம் ஒரு நாளு நல்ல மழை, ஓடைக்குப் போக முடியலை. நான்தான் சும்மா இருக்காமக் கேட்டேன், ஏன் அம்மிணி, குறி போட்டு விட்டாச்சு, அதை வெச்சு மொத்த மீனும் எத்தனைன்னு எப்படிக் கண்டுபுடிக்கறதுன்னு. உடனே எந்திரிச்சுப் போயி, மாராத்தா அளந்து வெச்சிருந்த அரிசியில ரெண்டு கைக் கொள்ளைப் போட்டுக் கலக்கிருச்சு! மாராத்தா "ஐயோ"ங்கறா. அம்மிணி கேக்கவே இல்ல. "இந்தக் கொள்ளுதான் நான் குறி போட்ட மீன். அரிசி, குறி போடாத மீன். இப்ப ஒரு கை அள்ளுங்க அண்ணே. கைக்குள்ள கொள்ளு நிறைய வந்தா, அரிசி கொஞ்சம்தான்னு அர்த்தம். கொள்ளு ஒண்ணு ரெண்டு மட்டும் வந்தா, அரிசி மூட்டை மூட்டையா இருக்குன்னு அர்த்தம். மறுபடியும் வலை போடும்போது வெட்டின மீன் எத்தனை வருதுன்னு பாத்தாப் போதும்."

நான் தலையாட்டுனேன். புரியாம என்ன? கொள்ளு, அரிசி, அவ்வளவுதானே. வெளையாட்டு முடிஞ்சு அம்மிணி போயிருச்சு, மாராத்தா மட்டும் முறத்தை மடியில வெச்சுக்கிட்டு அரிசியில இருந்து கொள்ளைப் பொறுக்கிக்கிட்டே இருந்தா. பொறுக்கப் பொறுக்க மொகம் எப்படியோ ஆயிருச்சு. பாவம், வேலை வெச்சுட்டமேன்னு நான் நெனச்சேன். திடீர்னு தலையைத் தூக்கி, "நீங்க இனிமே மீன் புடிக்கப் போக வேண்டாம்"னா.

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம்."

அன்னைக்குப் பொழுதோட கொள்ளைக் கடைஞ்சு வெச்சுட்டா. கோவத்துலதான். கொள்ளைக் கலந்து விட்டதுக்கு யாருக்குத்தான் கோவம் வராது? நான் கண்டுக்கலை. அடுத்த நாளே போயிப் புடிச்சுக் கொண்டாந்து குடுத்தேன். வாங்கி வெச்சா, மொகத்தைத் திருப்பிக்கிட்டா. பொம்பளைங்க மனசு இருக்குதே, அதுக்கு ஒரு காலேஜ் வெச்சாத்தான் கண்டுபுடிக்க முடியும்.

மறுபடி வலை போடற நாளும் வந்துச்சு. இழுக்கறோம், இழுக்கறோம், மீனு வருது. நல்லாவே வருது. ஆனா அம்மிணி ஒவ்வொரு மீனையும் திருப்பி முதுகைப் பாக்குது, துடுப்பு முழுசா இருக்குது. அடுத்ததும் முழுசு. அதுக்கடுத்ததும் முழுசு. முழு நாளும் இழுத்து, வெட்டுனது ரெண்டே ரெண்டு. கரையில கல்லு மேல உக்காந்துக்கிட்டு நகத்தைக் கடிக்குது.

"அண்ணே, எனக்கு ஒரு சந்தேகம். இங்க யாராவது வந்து மீன் பிடிக்காங்களா? உண்மையைச் சொல்லுங்க. அப்படின்னா நான் கணக்கை மாத்திக்கணும். மாத்த முடியலைன்னா மறுபடியும் முதல்ல இருந்து பண்ணணும், அவ்வளவுதான், ஒண்ணும் பெரிய காரியம் இல்ல."

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? என் காவல் மேலயே சந்தேகம்! நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொன்னேன், "அம்மிணி, இந்த ராக்கியப்பன் காவல்ல ஒரு ஆளு இந்தத் தண்ணியில கை நனைச்சிருக்க முடியாது. வெளியாளு எவனாவது ஒரு மீனைத் தொட்டிருந்தா என் பேரை மாத்திக்கறேன்."

சத்தியமான வார்த்தைங்க. வெளியாளு ஒருத்தன் தொடலை.

அம்மிணி கடிச்சுக்கிட்டிருந்த வெரலை எடுத்துச்சு. பொறகு சிரிச்சு, "நீங்க சொன்னாச் சரி அண்ணே"ன்னுச்சு. அந்த நம்பிக்கை இருக்குதே, அதுக்கே நான் எதை வேணும்னாலும் குடுப்பேன்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடியே கணக்குப் போட்டுருச்சு. போட்டுப் போட்டு அழிக்குது. மறுபடி போடுது. அப்பறம் திடீர்னு ஒரு கத்து. மாராத்தாவைக் கட்டிப்புடிச்சுச் சுத்துது. "அக்கா! ஓடை முழுக்க மூவாயிரம் மீனுக்கு மேல வருது அக்கா! இந்த மலையிலயே எந்த ஓடையிலயும் இவ்வளவு அடர்த்தி யாரும் சொன்னதில்ல!"

நான் வெரல் விட்டு எண்ணிப் பாத்தேன். மூவாயிரமா? கல்லுச்சோலை ஓடையில எந்தக் கல்லுக்கு அடியில எது கெடக்குதுன்னு எனக்குத் தெரியும். மிஞ்சிப் போனா முன்னூறு தேறும். அதுவும் அந்த மாசம் இன்னும் கொறைச்சலாத்தான் கண்ணுல பட்டுச்சு. நீர்நாய் தின்னுருக்கும், கொக்கு கொத்தியிருக்கும், மேல தோட்டத்துல மருந்தடிச்ச தண்ணி எறங்கியிருக்கும், ஆயிரம் காரணம். மூவாயிரம்னு அந்தப் புள்ள குதிக்குது. கணக்கு எங்கயோ உதைக்குது. நல்ல புள்ள, கெட்டிக்காரப் புள்ள, கணக்குல மட்டும் கொஞ்சம் வீக்குன்னு முடிவு பண்ணிட்டேன். நம்மகிட்டச் சொல்லிட்டா போகுது, வெளிய யாருக்கும் தெரிய வேண்டாம்.

ஆனா ஆபீசுல மீட்டிங் போட்டாங்க. பெரிய சார் இருக்காரு, காலேஜ் வாத்தியார் இருக்காரு, நடுவுல அம்மிணி நின்னு படமெல்லாம் போட்டுக் காட்டுது. காலேஜ் வாத்தியாருக்கு நம்பிக்கை வரலை. இவ்வளவு வராதே, எங்கயோ தப்பு இருக்கேங்கறாரு. அம்மிணி மொகம் வெளிறிப் போச்சு. பெரிய சார் என்னைக் கூப்பிட்டாரு. "ராக்கியப்பா, நீ அந்த ஓடையிலயே கெடக்கறவன். நீ சொல்லு. அவ்வளவு மீன் இருக்கா, இல்லையா?"

ரூமே என்னைப் பாக்குது. நான் அம்மிணியைப் பாக்கறேன். இல்லீங்கய்யான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும். குஞ்சு வரும், ஓடை பொழைக்கும், நான் பொழைப்பேன். ஆனா அந்தப் புள்ள? அத்தனை குளிருல நின்ன நிப்பு? வாத்தியார் முன்னாடி தலை குனிஞ்சு நிக்குமே? நம்ம வீட்டுச் சோத்தைத் தின்ன புள்ளயை நாமே காட்டிக் குடுக்கறதா?

"இருக்குதுங்கய்யா"ன்னேன். "கால் வைக்க எடமில்லீங்கய்யா. தண்ணி மொண்டா சொம்புல மீன் வருது"ன்னேன். ஒரேயடியாச் சொன்னாத்தானே நம்புவாங்க?

அம்மிணி மொகம் மலந்துச்சு பாருங்க, அது போதும் எனக்கு. ஆனா பெரிய சார் மொகமும் மலந்துருச்சே! "அப்படின்னா சரி. இதுக்கு மேலயும் குஞ்சு விட்டா எரை பத்தாம ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும், எதுவும் வளராது. அந்தக் குஞ்சையெல்லாம் மத்த ஓடைக்கு மாத்திருங்க. நெறைஞ்ச ஓடைக்குத் தனியாக் காவலும் வேண்டாம். ராக்கியப்பனைக் கீழ டேமுக்குப் போடுங்க, அங்க ஆளு பத்தலை."

முடிஞ்சு போச்சுங்க. ஒரு டீ ஆறற நேரத்துல முடிஞ்சு போச்சு.

பெரிய சார் சொல்லிட்டாரு, சரி, ஆனா மனசு கேக்கலை. குஞ்சு வர்ற நாளுல வாளியெல்லாம் கழுவி வெச்சு, பாலத்துல போயி நின்னேன். ஒருவேளை மறந்து கொஞ்சம் கொண்டாந்துருவாங்களோன்னு ஒரு நப்பாசை. வேன் வந்துச்சு. ஆக்சிஜன் அடைச்ச பையில குஞ்சுங்க, உள்ள மினுமினுன்னு தெரியுது. டிரைவர் சிகாமணி வண்டியை நிறுத்திக் கையைக் குடுத்தான். "அண்ணே, உங்க ஓடை பொங்கி வழியுதாமே! கலக்கிட்டீங்க!"ன்னான். ஆமாப்பான்னேன். வேன் எங்க வழிக்குத் திரும்பாம நேராப் போயிருச்சு. வெறும் வாளியைத் தூக்கிக்கிட்டு ஓடைக்கு எறங்கிப் போனேன். கெஜக் கணக்குல நடந்து பாத்தேன், ஒரு சுழிப்பு இல்ல, ஒரு பளபளப்பு இல்ல. அழுதுட்டேனுங்க. வாளியைக் கவுத்துப் போட்டு அது மேல உக்காந்து அழுதுட்டேன். இவ்வளவு வயசுல வெக்கமில்லாம.

கீழ டேம்ல ஜிலேபி மீனைக் காவக் காக்கணுமாம். சேத்துத் தண்ணியில கெடக்கறது. கம்பளிக்கு வேலையில்ல, தூண்டிலுக்குப் பொழுதில்ல.

அம்மிணி நேத்துக்கூடப் போன் பண்ணுச்சு. அதோட கட்டுரையை எங்கயோ வெளியூரு மீட்டிங்ல படிச்சாங்களாம், பரிசு குடுத்தாங்களாம். "எல்லாம் உங்களாலதான் அண்ணே. நீங்களும் அக்காவும் போட்ட சாப்பாடுதான்"னு சொல்லி அழுகுது. எனக்கு மாத்தலான விசயத்தை நான் சொல்லலை. எதுக்கு? தன்னோட கணக்குத் தப்பாலதான் அண்ணனுக்கு இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா அந்தப் புள்ள தாங்காது. போனை மாராத்தாகிட்டக் குடுத்தேன், அவ வாங்கலை. அடுப்படிக்குள்ள போயிட்டா. இந்த அளவுக்கு ஒரு கோசு மேல பாசம் நான் எங்கயும் பாத்ததில்லீங்க.

என்ன கேட்டீங்க? சத்தமாச் சொல்லுங்க.

வெட்டுன மீனைத்தான் தெனமும் சமைச்சோம்னு அம்மிணிகிட்டச் சொன்னனான்னா? அதை எதுக்குங்க சொல்லணும்? பண்ணை மீனுன்னு நம்பி ஆசை ஆசையாச் சாப்பிட்ட புள்ள, சங்கடப்படாதா? அதுவுமில்லாம, சாப்பிட்ட மீன் சாப்பிட்டதோட போச்சுங்க. கணக்கு ஓடையில கெடக்கற மீனுக்குத்தானுங்களே?

எதுக்குங்க கண்ணை மூடிக்கிட்டீங்க? தலைவலிங்களா? வர்க்கி வேணும்னா ஒண்ணு எடுத்துக்குங்க, உங்களதுதான்.

அடடே, யானை எறங்கிருச்சு! குட்டி எப்படி அம்மா வாலைப் புடிச்சுக்கிட்டுப் போகுது பாருங்க. டிரைவர் ஸ்டார்ட் பண்ணிட்டாரு. அட, மாராத்தா திரும்பறா! நான் சொல்லலை, சரியாயிரும்னு? மாராத்தா! இங்க எடம் இருக்குது, வா... வரலை. அவ என்னைப் பாக்கலீங்களே. உங்களைத்தான் பாக்கறா. நீங்களும் அவளையே பாக்கறீங்க. உங்களுக்கு முன்னப்பின்ன பழக்கமுங்களா?

ஏனுங்க, ரெண்டு பேரும் எதுக்கு இப்ப என் பக்கம் திரும்பறீங்க?